நேய்

பதினேழு மாதம்.
சொல் என்று ஒன்றும் வரவில்லை என் மகளுக்கு.
பெயர் மட்டும் பூங்குயில்.

பாபு ராவ் தெருவில் லாட்ஜ் கவுன்ட்டருக்குப் பின்னால்
சாவிகள் தொங்கும் பலகைக்குக் கீழே
பாய் விரித்து அவளை விட்டிருப்பேன்.
மேலே நான் பேசுவேன்:
அட்வான்ஸ் இவ்வளவு, ஆதார் நகல் ரெண்டு,
வெந்நீர் காலை ஆறிலிருந்து எட்டு.
கீழே அவள் பேசுவாள்:
ப்ப ப்ப ப்ப, த்தெ த்தெ, பிறகு
கேள்வி கேட்பதுபோல் கடைசியில் ஒரு ஏற்றம்.
இழுவை எல்லாம் என்னுடையதுதான்.
சொல்தான் காட்பாடிக்கு வெளியே
சிக்னலுக்காக நின்றுகொண்டிருந்தது.

வசம்பு உரசி நாக்கில் தடவு
என்றாள் மாடி கூட்டுகிற தனபாக்கியம்.
பாகாயம் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து
இரவெல்லாம் "அப்பா சொல்லு, அப்... பா" என்பார் இவர்.
அவர் வாய்க்குள் விரலை விட்டு
எங்கே வைத்திருக்கிறார் என்று தேடுவாள்.

இருநூற்று நான்கில் ஷிப்ரா அக்கா.
மால்டாவிலிருந்து. கணவருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ்.
அவள் தமிழ்: "கம்மி பண்ணு", "தண்ணி".
என் வங்காளம்: ஒன்றுமில்லை.
மத்தியானம் இறங்கி வந்து தரையில் உட்காருவாள்.
பிஸ்கட்டை முந்தானையில் ஒளிப்பாள்,
வெறுங்கையை விரிப்பாள், என்னவோ சொல்வாள்.
பிள்ளை சிரிக்கும்.
நான் ரசீது எழுதிக்கொண்டிருப்பேன்.

நாலு மாதம் கழித்து ஓர் இரவு
கணக்கு முடித்துக் கிளம்பினார்கள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் சொன்னாள் பூங்குயில்:
"நேய்."

நெய்யா!
ஆட்டோவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு
நூறு கிராம் பாக்கெட்டோடு ஓடி வந்தார் அவள் அப்பா.
சோற்றில் நெய், இட்லியில் நெய்.
கிண்ணம் காலியானதும் "நேய்" என்பாள்.
இன்னும் ஊற்றுவோம்.
கன்னம் பளபளத்தது.

சனிக்கிழமை இருநூற்று நான்கைத் திறந்தேன்.
இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி
கட்டிலுக்கு அடியில் பார்த்தாள்,
கதவுக்குப் பின்னால் பார்த்தாள்,
திரும்பி இரண்டு கையையும் விரித்தாள்
ஷிப்ரா அக்கா மாதிரியே.
"நேய்."

கிண்ணத்தைக் காட்டியும் அதைத்தான் சொல்லியிருக்கிறாள்.
அப்பாவின் ஆட்டோ முனை திரும்பியபோதும்.
பாலாற்றுப் பாலத்தின் மேல்
கீழே மணலைப் பார்த்தும்.
நாங்கள்தான் எல்லாவற்றின் மேலும்
நெய் ஊற்றியிருக்கிறோம்.

நேற்று விடியலில் ஒருவர்,
கண்ணில் இரண்டு ராத்திரி ரயில்,
கக்கத்தில் ஸ்கேன் கவர்.
"ரூம்?" என்றார்.
பேனா தேடி நான் குனிந்த நேரம்
கவுன்ட்டர் ஓரத்தில் எட்டிப் பார்த்துக் கை விரித்து
"நேய்" என்றாள் இவள்.
தன் ஊர்ச் சொல் கேட்டு மலர்ந்த முகம்
அர்த்தம் எட்டியதும் வாடியது.
பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"ஐயோ சார், கீது! ரூம் கீது!"

கஸ்டமரிடம் 'இருக்கு' என்றே சொல்லிப் பழகியவள் நான்.
பதற்றத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.
அவருக்கு அதுவும் புரியவில்லை,
சாவியைக் குலுக்கிக் காட்டினேன்.

கீழே ஒருத்தி அந்தச் சொல்லை வாயில் போட்டு
மென்றுகொண்டிருந்தாள்.
"கீ."

"இங்கிலீஷ்ல சாவி கேக்குது பாரு!"
முதலாளி ஒரு கொத்தையே எடுத்து நீட்டினார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
'து' வரட்டும்.