ஒரு மைக் போதும்

எத்தனை மைக் என்றான் ஒலிக்காரன்.
ஒன்று போதும் என்றேன்.
மீதி மூன்றையும் அவன் கழற்றும்வரை
ஓரமாக நின்று
கிட்டார் உறையில் ஒட்டியிருந்த
பழைய பெயரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.
'நாலரை மணி' என்று பெயர்.
நாலரை வந்துவிட்டது.
மணிதான் வர மறுக்கிறது.

செந்தூலில்
கார்க் கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டும் கடைக்கு மேலே
ஏழு வருடம்.
மணிக்கு இருபத்தைந்து வெள்ளி, மின்விசிறிக்குத் தனி.
ரூபன் பாஸ், வெய் ஜின் கீபோர்ட், ஃபைசால் டிரம்ஸ்.
சொற்கள் என்னுடையவை.
மெட்டும் என்னுடையதுதான்.
அதைச் சொல்லத்தான் ஏழு வருடம் ஆனது,
சொன்ன இரவு
மாமாக் கடையில் நாலு தே தாரேக் ஆறிப்போனது.

சண்டை ஒன்றும் இல்லை.
ஃபைசாலுக்கு இரண்டாவது குழந்தை,
வெய் ஜினுக்குச் சிங்கப்பூரில் வேலை.
ரூபன் மட்டும்
சரி என்று சொல்லிவிட்டு
என் ரொட்டிச் சானாயையும் தின்றான்.
வாட்ஸ்அப் குழுவை விட்டு யாரும் விலகவில்லை.
தீபாவளிக்கு ஒரு விளக்குப் படம்,
நோன்புப் பெருநாளுக்கு ஒரு கெதுப்பாட்.
மற்றபடி பேச்சில்லை.

இன்றைய சுவரொட்டியில்
அடையாளக் கார்டில் உள்ளபடியே என் பெயர்.
பணம் போடக் கேட்ட படிவத்திலிருந்து எடுத்தார்களாம்:
துர்காஷினி ஏ/பி சின்னக்கருப்பன்.
தனியாக வருகிறேன் என்று
ஊரெல்லாம் சொல்லிவைத்தால்
பக்கத்தில் அப்பா நிற்கிறார்,
என்னைவிட நீளமாக.

படம் பிடித்து அனுப்பினேன்.
போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறவர்,
என் பாட்டு எதையும் முழுதாய்க் கேட்டதில்லை.
பத்து நிமிடம் கழித்துப் பதில்:
"அப்போ பாதி காசு எனக்கா?"

நாலாய்ப் பிரித்தபோது நாற்பது வெள்ளி.
பிரிக்காதபோது நூற்றிருபது.
வீட்டுக்குக் கிராப் இருபத்தெட்டு.
கணக்கின்படி
முன்னேறிக்கொண்டிருக்கிறேன்.

பதினேழு பேர், அதில் இருவர் பரிமாறுகிறவர்கள்.
முதல் பாட்டு தப்பித்தது.
இரண்டாவதில் ஒரு பெண்
செல்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்,
அதைக் கைதட்டலாய் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது, கடைசி எல்.ஆர்.டி. ரயிலைப் பற்றியது.
இரண்டாம் சரணத்துக்கு முன்
ரூபன் நுழைவதற்காக
எட்டு எண்ணிக்கை விட்டு எழுதியது.
வீட்டில் பழகும்போது அதை வெட்டியிருந்தேன்.
வெட்டியது நினைவிருக்கிறது,
விரல்கள்தான் நின்றுவிட்டன.

ஒன்று.
குளிர்சாதனம் ஓடும் சத்தம்.
யாரோ கோப்பையில் ஐஸைக் கலக்குகிறார்கள்.
வெளியே பங்சார் சாலையில் மழை பிடித்துக்கொண்டது.
இவள் எதற்கோ காத்திருக்கிறாள் என்று
பதினேழு பேரும் நிமிர்ந்தார்கள்.
நானும்
காத்திருக்கிறவள்போல் தலையை ஆட்டி
ஏழு, எட்டு என்று
எண்ணி முடித்துவிட்டுத்தான் பாடினேன்.

இறங்கியதும் ஒலிக்காரன் வந்தான்.
"அந்த இடைவெளி நல்லா இருந்துச்சு.
யோசிச்சு வெச்சதா?"

ஆமாம், என்னுடையதுதான் என்றேன்
வயரைச் சுருட்டிக்கொண்டே.
ரூபனுக்குச் சொல்ல வேண்டும்.