பிரிக்க முடியாத துண்டு

இன்றிரவு இரண்டு மணி
மறுபடி ஒரு மணியாகும்.
அக்டோபரின் கடைசி ஞாயிறு.
போன வருடம் இதே நாளில்
தோர்ஸ்ஹவ்ன் துறைமுகப் பலகையில்
நோல்சோய்ப் படகு
இல்லாத ஒரு மணிக்குக் கிளம்பியது.
பதினோரு பேர் மழையில் நின்றார்கள்,
அதில் ஒருவர் மேயரின் மாமியார்.

திருத்தம் மூன்றே வரி. முடித்துவிட்டேன்.
ஆனால் அதே கோப்புகளில்
மூன்று வாரமாகக் கலைத்துப்போட்ட இன்னொன்றும் கிடக்கிறது:
வழக்கமாக வருபவர் வரவில்லையென்றால்
படகு நான்கு நிமிடம் நிற்கலாமா
என்று யோசிக்கும் நிரல்.
யாரும் கேட்டு எழுதியதல்ல.
கிளைக்குப் பெயர் 'சும்மா'.

ஸ்டாஷில் ஏற்கெனவே இருபத்திரண்டு.
'தற்காலிகம்', 'தற்காலிகம் 2', 'இதைத் தொடாதே'.
யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று தெரியாமல்
இருக்கை இருக்கையாகத்
துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

கருவி ஒவ்வொரு மாற்றமாகக் காட்டிக் கேட்கிறது.
இது சேரட்டுமா?
ஆம்.
இது?
வேண்டாம்.
இது?
வெற்று வரி. போகட்டும்.
இது?
'இங்கே வந்தேன் இங்கே வந்தேன்' என்று
எனக்கு நானே அச்சிட்டுக்கொண்டது.
ஐயோ, வேண்டாம்.

பதினேழாவதில் கை நின்றது.

புறப்பாடு = உள்ளூர் நேரம் + காத்திருப்பு

ஒரே வரி.
கடிகாரத்தைத் திருத்திய கை
அதே மூச்சில் எல்ஸ்பாவையும் எழுதியிருக்கிறது.
இன்னும் சிறிதாகப் பிரி என்றேன்.
முடியாது என்றது.
வரிக்குக் கீழே அதற்கு உலகம் இல்லை.

எல்ஸ்பாவிடம் நான் பேசியதில்லை.
ஒரு மாதச் சீட்டின் எண், அவ்வளவுதான்.
ஞாயிறுகளில் இரவுப் பணி முடித்து
ஆறு ஐம்பத்தைந்துக்கு மருத்துவமனைப் படி இறங்குபவள்.
பெயரை ஒருநாள் தேடிப் பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது.

அந்த வரியைக் கையால் திறந்து
கூட்டல் குறியிலிருந்து கடைசிவரை
மீனில் முள் எடுப்பதுபோல் எடுத்தேன்.
சோதனைகள் பச்சை.
கமிட்: 'குளிர்கால நேரம், திருத்தம்.'
பெர்குர் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
மீதம் இருபத்துமூன்றாவதாக ஸ்டாஷுக்குப் போனது.
இந்த முறை ஒழுங்காகப் பெயர் வைத்தேன்:
'நான்கு நிமிடம்'.

தூங்கவில்லை.
காலையில் அலுவலகச் சன்னலிலிருந்து பலகை தெரிந்தது:
ஏழு. சரியான ஏழு.
படகு மட்டும் நகரவில்லை.
ஹெய்னி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு
மேட்டுச் சாலையையே பார்த்தபடி நின்றான்,
ஏதோ முடிச்சில் சிக்கல் என்பதுபோல.
ஒரு நீல மழையங்கி ஓடிவந்து ஏறியது.
கயிறு விழுந்தது.
ஏழு நாலு.

என் திரையில் பதிவு வந்தது:
புறப்பாடு 7:00. தாமதம் இல்லை.

மூன்று வாரமாக என் நிரலுக்குப் படித்துக்கொள்ள
ஒரு தாமதம்கூடக் கிடைக்காதது ஏன் என்று
காபியை ஊற்றும்போதுதான் உறைத்தது.