விரலால் படத்தை விரித்த குழந்தை

அந்தக் குழந்தையை எனக்குத் தெரியாது.
அச்சிட்ட புத்தகத்தில் இருந்த வண்டின் படத்தை
இரு விரலால் விரித்துப் பார்த்துவிட்டு
"கெட்டுப்போச்சு" என்று உதட்டைப் பிதுக்கியதாமே, அதை.
யாரோ சொல்லி யாரோ கேட்டது.
பதினோரு ஆண்டுகளாக அதை
மேடை மேடையாகக் கூட்டிப்போகிறேன்.
பெர்கனில் சிரித்தார்கள்.
ஆர்ஹூஸில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கண்ணும் காதும் மூக்கும் நான் வைத்ததுதான்.
ஒஸ்லோவில் மஞ்சள் சட்டையும் போட்டுவிட்டேன்.

ஏழாம் அத்தியாயத்துக்கு அதன் பெயர் வேண்டும்
என்றார் பதிப்பாசிரியர்.
பெயர் பிடிக்கத்தான் கிளாக்ஸ்விக் வந்தேன்,
கடலுக்கு அடியில் குடைந்த சாலையில்
காது அடைத்துக்கொள்ள.

மார்ச் மாதம். சன்னலுக்கு வெளியே படுக்கைவாட்டில் மழை.
பதினான்கு பிள்ளைகள், பதினான்கு டேப்லெட்டுகள்.
கடைசி வரிசையில் தூண்டில்காரியைப் போல உட்கார்ந்திருந்தேன்.
எல்லோரும் எச்சில் தொட்டுத்தான் பக்கம் புரட்டினார்கள்.
ஒரு விரலும் விரியவில்லை.

பைனிர் என்ற பையன்
மீன்பிடிக் கப்பலின் கயிறு சுற்றும் எந்திரத்தை
யாரோ பிரித்து மாட்டும் காணொளி பார்த்துக்கொண்டிருந்தான்.
மூன்று நொடி முன்னே,
மூன்று நொடி பின்னே,
திரும்பவும் பின்னே.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
அப்புறம் என் கைபேசி அதிர்ந்தது,
எண்ணிக்கை தவறிவிட்டது.
(அத்தியாயத்தின் தலைப்பு:
"கவனம் சிதறும் தலைமுறை".)

ஆசிரியை சோல்வா அவன் பக்கத்தில் குந்தினார்.
"எந்தப் பல் வழுக்குது?"
அவன் பென்சிலால் ஒரு சக்கரம் வரைந்தான்.
ஒரு பல்லை மட்டும் அழித்தான்.
கொஞ்சம் யோசித்துத் திரும்ப வரைந்தான்.
மறுபடி அழித்தான்.
தாள் அந்த இடத்தில் கிழியப்போகும் அளவுக்கு மெலிந்திருந்தது.

இடைவேளையில்
என் தோளுக்கு மேலே ஒரு மூச்சு.
ரான்வா, எட்டு வயது, ஒரு கையில் பாதி கேரட்.
என் நோட்டைப் படித்துக்கொண்டிருந்தாள்.
"யாரு இந்தக் குழந்தை?"
ஒரு குழந்தை.
"எந்த ஊரு?"
பேனா மூடியைத் தேடினேன்.
"இது எப்போ நடந்துச்சு?"
பதினோரு வருஷம் இருக்கும்.
அவள் விரல்விட்டு எண்ணினாள், கேரட்டையும் சேர்த்து.
"அப்போ இப்ப அதுக்குப் பதினாலு இருக்குமே.
நீங்க அதுகிட்டயே கேட்டிருக்கலாமே,
இப்படி எழுதினா பரவாயில்லையான்னு."
மணி அடித்தது. ஓடிவிட்டாள்.

திரும்பும் வழியில், கடலின் அடியில்,
சிக்னல் விட்டுவிட்டு வந்த ஒரு நிமிடத்தில்
பதிப்பாசிரியருக்கு எழுதினேன்:
ஏழாம் அத்தியாயம் தாமதமாகும்.
சக்கரத்தில் எத்தனை பல் என்று
நான் எண்ணாமலே வந்துவிட்டேன்.