இருநூற்று எழுபது கிராம்

படகு எனக்கு, துப்பாக்கி ஏனோக்குக்கு.
அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.
ஜூலை முடியும்வரை அது நியாயமாகத்தான் பட்டது.

மனித்சோக்கின் பெரிய கடையில்
உறைந்த கோழியைத் தாண்டி,
குழந்தைகளின் மழைக்கோட்டுகளைத் தாண்டி,
பூட்டிய கண்ணாடிக்குள் துப்பாக்கிகள் நிற்கின்றன.
மூன்றைக் காட்டச் சொன்னேன்.
உயூத் சாவியைத் தேடவே கால் மணி நேரம்.

முதலாவது வால்நட் மரக்கட்டை.
ரேகை ஓடும் கட்டையைத் தடவத் தடவக் கை இறங்கவில்லை.
பதினாலாயிரம் குரோனர்.
விலை கையைக் கடிக்கும், எடை முதுகைக் கடிக்கும்.
திருப்பி வைத்தேன்.

இரண்டாவது, ஊருக்குத் திரும்பிய டேனிஷ் பல்மருத்துவர்
விற்றுவிட்டுப் போனது. பாதி விலை.
குழலின் வாயில் விரல் விட்டுப் பார்த்தேன்,
ஆரஞ்சு நிறத்தில் வந்தது விரல்.
பல்லைப் பார்த்தவர் இதைப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவதற்கு அழகே கிடையாது.
சாம்பல் நிறப் பிளாஸ்டிக், மெலிந்த குழல்,
துருப்பிடிக்காத எஃகு, ஏழாயிரத்து இருநூறு.
அட்டையில் எழுதியிருந்தது: இரண்டு கிலோ அறுநூறு.

தூக்கினேன்.
மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம்
ஹாலிபட் எடைபோட்ட கை இது.
"உயூத், இது பொய்."
"அட்டையில் போட்டிருக்கே."
"அட்டை தூக்கிப் பார்த்ததா?"

போல்ட்டைத் திறந்து உள்ளே காலி என்று காட்டினான்,
மூடினான், சுற்றுமுற்றும் பார்த்தான்,
காய்கறித் தராசில் குறுக்காகக் கிடத்தினான்.
தராசுக்கு என்ன தெரியும்,
கடைசியாக அழுத்திய பொத்தான்தான் தெரியும்.
சீட்டு அடித்துத் துப்பியது:
உருளைக்கிழங்கு, 2.870 கிலோ,
ஐம்பத்தேழு குரோனர் நாற்பது.

வார், ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள், தோட்டாப் பெட்டி
எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கம்பெனி நிறுத்திருக்கிறது.
ஆடையில்லாமல் நின்றால் நானும்தான் குறைவு.

"உருளைக்கிழங்கு விலைக்கே கொடேன்" என்றேன்.
உயூத் சிரித்தான், கொடுக்கவில்லை.
இரண்டு பெட்டி தோட்டா சேர்த்துப் போட்டான்.
சீட்டைக் கட்டையில் ஒட்டிக்கொண்டேன்.

கல்குவாரியில் சுட்டுப் பார்த்த அன்று
எனக்கு விஷயம் புரிந்தது.
துப்பாக்கி விட்ட எடையைத் தோள் வாங்கிக்கொள்கிறது.
மூன்று நாள் ஊதா, பிறகு மஞ்சள்.
நாலாவது குண்டில் குழல் சுட்டது,
ஐந்தாவது எங்கே போனதென்று கல்லுக்கும் தெரியாது.
பரவாயில்லை. ஒரு மானிடம்
ஐந்து முறை பேசுகிற ஆள் இல்லை நான்.

ஆகஸ்ட். ஃபியோர்டில் படகைக் கட்டிவிட்டு
ஒன்றரை நாள் மேலே நடந்தேன்.
கொசு, சதுப்பு, கொசு.
ஏறும்போது அந்த இருநூற்று எழுபது கிராமையும்
ஒவ்வொன்றாக எண்ணினேன்.

நூற்று நாற்பது மீட்டர், காற்று முகத்தில்,
கரிபு தலை தூக்கிய நேரம்.
ஒன்று போதுமாயிருந்தது.

இறங்கும்போது நெற்றியில் வார்,
முதுகில் நாற்பத்து நான்கு கிலோ,
அதன்மேல் துப்பாக்கி.
மறுபடி ஏறி மிச்சத்தைக் கொண்டுவந்தேன்.
இறைச்சியை விட்டுவிட்டு வருவது எங்கள் பழக்கமல்ல.
அந்த இரண்டு நாளும் துப்பாக்கிக்கு
எடை இருந்ததா என்று கேட்டால்
நான் யோசிக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஏனோக் நின்றிருந்தான்,
வேறு யாருடைய படகுக்கோ கயிறு பிடிக்க.
என் கயிற்றையும் பிடித்தான்.
கட்டையில் இருந்த சீட்டைக் குனிந்து படித்தான்.
"உருளைக்கிழங்கா?"
"கிலோ இருபது."

கரைக்கு ஏற்றித் தர அதை எடுத்தான்.
எங்கள் பழைய நாலரைக் கிலோவுக்குப் பழகிய கை
அதே பலத்தோடு தூக்கியதில்
நெஞ்சைத் தாண்டி மேலே போய்
ஒரு கணம் அங்கேயே நின்றது.

நான் தொடைக்கறியை இறக்கிக்கொண்டிருந்தேன்.