ஆறு விநாடி

அதிகாலை நாலரை, வெவே.
பேக்கரியில் மா குழைக்கிறேன்.
தரைக்கடியில் ஒரு முட்டு.
தட்டுகள் எல்லாம் ஒரே தரம் 'டக்'.
மாத்தியூ அடுப்பைச் சந்தேகித்தான்.
நான் வாய்க்குள் எண்ணினேன்.
ஆறில்
தொங்கிய கரண்டிகள் இடம் வலமாய்
ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

முட்டியது நெட்டாங்கலை:
போகும் வழியிலேயே நெருக்கி, தளர்த்தி.
உலுக்கியது குறுக்கலை:
கூடவே கிளம்பியும் பிந்தி வரும்,
என் தம்பி மாதிரி.
ஆறை எட்டால் பெருக்கி
"சியோன் பக்கம்" என்றேன்.
ரேடியோ சொன்ன பிறகுதான் மாத்தியூ நம்பினான்.

ஏழு மணிக்கு ஏரியிலிருந்து
ஜெர்மேன் வந்தார், மீன் வாடையோடு.
"படகின் அடியில் யாரோ தட்டினார்கள். ஒரு தரம்."
"பிறகு ஆடவில்லையா?"
"என்ன ஆட்டம்?"

குழைத்த மாவைக் குறுக்கே தள்ளினேன்;
மெல்லத் திரும்பி வந்தது.
கிண்ணத்துத் தண்ணீரில் விரலை இழுத்தேன்.
பிடித்து இழுக்க
அதற்குள் ஒன்றுமில்லை.