அழுத்தம் முதல் அசையில்

பத்து மணிக்கு ஒலியியல் தாள்.
எட்டே காலுக்கு, வண்டிச்சோலைக்குக் கொஞ்சம் முன்னால்
பஸ் நின்றுவிட்டது.

மடியில் கைடு. அதில் ஒரு பழைய கேள்வியை
எனக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் வட்டமிட்டிருக்கிறார்கள்:
லேண்ட்ஸ்லைட். அசை பிரி, அழுத்தம் குறி,
உறுப்புகளைத் தனித்தனியே எழுது.
ஜன்னலுக்கு வெளியே விடை
சாலையை மறித்துக் கிடக்கிறது, ஒரு சில்வர் ஓக் மரத்தோடு.

லேண்ட். ஸ்லைட்.
இரண்டே அசை.
அழுத்தம் முதலாவதில், என்கிறது கடைசிப் பக்கம்.
பாரமெல்லாம் நிலத்தின் மேல்;
சரிவது தானாகச் சரிந்துகொள்ளும்.

என் வாயில் அது இரண்டாக நிற்பதில்லை.
லேண் டு சி லை டு.
ஐந்து.
ஒற்றில் முடிந்து அந்தரத்தில் நிற்கும் சொல்லைக் கண்டால்
நாக்குக்குப் பொறுக்காது.
பின்னால் ஓர் உகரத்தை முட்டுக் கொடுத்துவிடும்,
நெடுஞ்சாலைக்காரர்கள் கம்பிவலைக்குள் கல் அடுக்குவதுபோல.
அரை மாத்திரைச் சுவர்.

அப்பா இதை மண்சரிவு என்பார்,
பதுளையிலிருந்து கப்பலேறி வந்த சொல்.
டிவியில் நிலச்சரிவு.
அதில் சரிவைச் சேர்த்த உடனே
நிலத்தின் மகரம் உதிர்ந்துபோக, காலி இடத்தில்
சகரம் ஒன்றுக்கு இரண்டாய் வந்து இறங்குகிறது.
அப்பாவின் மண்ணில் எதுவும் விழவில்லை.
விதிப்படி அது மட்சரிவு ஆகியிருக்க வேண்டும்.
யார் சொல்கிறார்கள்.

கண்டக்டர் ஹாலன் படியில் தொங்கிக்கொண்டு
டெப்போவுக்குப் போன் போடுகிறார்.
சிக்னல் வருகிறது, போகிறது.
"லேன்ஸ்லைடு சார். லேன்! லேன்ஸ்லைடு!"
மழைக்கு மேலே கத்தியதில்
அழுத்தம் அச்சுப் பிசகாமல் முதல் அசையில் விழுந்தது.
நடுவிலிருந்த டகரம் எங்கே போனதென்று
அவருக்கு என்ன கவலை.

ஜேசிபி அருவங்காட்டிலிருந்து வரணுமாம்.
பின் சீட்டில் யாரோ கேரட் கடிக்கும் சத்தம்,
இரண்டு கடி, இடைவெளி, இரண்டு கடி.

ஒன்பதே முக்காலுக்கு இறங்கி நடந்து பார்த்தேன்.
சேறு பாதி ஏறிய மைல்கல்லில்
'கோத்த' மட்டும் தெரிந்தது.
கிரியைக் காணோம்.

ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதத் தொடங்கினேன்.
விளிம்பில் இடம் போதவில்லை.
லேண்ட்-
என்று ஒரு சிறு கோடு போட்டு நிறுத்தினேன்.

கீழே அடுத்த வரி
நனைந்திருந்தது. பேனா பிடிக்கவில்லை.