முன்னால் யாருடையது

கொச்கோரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே
என் பஞ்சர் கடை.
கண்டெய்னர் பெட்டிதான், பாதி துரு.
தொலோன் கணவாய் கடித்துத் துப்பிய டயர்களை
இங்கேதான் கழற்றுவேன்.

ஏப்ரலில் சாய்கல் வந்தாள்.
செங்கல் நிறத்தில் பழைய ஆடி எண்பது.
உள்ளே நாலு பயணிகள்,
கூரைமேல் கயிற்றில் கட்டிய நாலு டயர்.
இரண்டு அவள் வாங்கியது,
இரண்டு தோக்தொசுன் வாங்கியது.
மணமுறிவுத் தாளில் அப்படித்தான்:
வண்டி பொது, நாட்கள் பங்கு, டயர் ஆளுக்கு இரண்டு.
எழுதிய குமாஸ்தாவுக்கு
அளவைக் குறிப்பிடத் தோன்றவில்லை.

அவனுடையது நூற்றுத் தொண்ணூற்றைந்து, அறுபத்தைந்து.
அவளுடையது நூற்று எண்பத்தைந்து, அறுபது.
நிறுத்திப் பார்த்தால் இரண்டு விரல் உயரம்.
உருட்டிப் பார்த்தால் சுற்றுக்குப் பத்து சென்டிமீட்டர்.
ஒரு கிலோமீட்டருக்குள் சின்னது
இருபத்தைந்து சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும்,
அதே இடத்துக்குப் போய்ச் சேர.

"இடதுபக்கம் உன்னுது, வலதுபக்கம் அவனுது,
வம்பில்லை" என்றாள் ஒரு பயணி,
காய்ந்த தயிர் உருண்டையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.
போடலாம் அம்மா.
சின்ன டயர் பக்கமே இழுக்கும் வண்டி.
ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிக் கை மரத்துப்போகும்.
உள்ளே பல்சக்கரம்
நேர்ரோட்டையும் வளைவென்று நினைத்து அரைபடும்.
ஓர் ஆக்சிலுக்கு ஒரே அளவு.
மற்றதில் எல்லாம் பேரம் பேசலாம்.

"அப்போ முன்னால் என்னுது" என்றாள் சாய்கல்,
யோசிக்காமல்.
வரும்போதே யோசித்து முடித்தவள்போல.

கடைசி நட்டை இறுக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.
இந்த வண்டியின் மீட்டர்
முன்சக்கரம் சொல்வதைத்தான் நம்பும்.
ஓட்டுகிறவர் மற்றவருக்குக்
கிலோமீட்டருக்கு மூன்று சோம்;
அதுவும் தாளில் இருக்கிறது.
அவன் வாரத்தில் ஐந்து நாள், அவள் இரண்டு.
சின்னது முன்னால் இருந்தால்
நூறு ஓடியதை நூற்றைந்து என்கும்.

நான் வாய் திறக்கவில்லை.
காற்று அடிப்பதுதான் என் வேலை.

மே மாதம் தோக்தொசுன் வந்தான்.
"பின்னால் இருக்கிறதை முன்னால் போடு."
காரணம் சொல்லவில்லை. நானூறு சோம்.
ஜூனில் அவள். நானூறு.
ஜூலையில் ஆளுக்கு இரண்டு முறை.
ஒரு வாரம் வண்டி மூக்கைக் குனிந்துகொண்டு போகும்,
மறுவாரம் பின்னால் குந்திக்கொண்டு.
பிஷ்கேக்குக்கு உருளைக்கிழங்கு கொண்டுபோகிறவள்
ஏறுமுன் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுக் கேட்பாள்:
"இந்த வாரம் இவளா முன்னால்?"

அக்டோபரில் கணவாயில் பனி விழுந்தது.
இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள்.
யாருடைய நாள் என்று நான் கேட்கவில்லை.
பனி டயர் நாலும் ஒரே அளவு, ஒரே ரசீது.
கை விறைக்கிற குளிரில் நான் கழற்றிய நட்டுகளை
அவன் தன் கம்பளித் தொப்பியில் வாங்கிக்கொண்டான்.
தொப்பியை அவள் பிடித்துக்கொண்டாள்.

பழைய நாலையும் உள்ளே அடுக்கும்போது
சாக்கட்டியால் எழுதச் சொன்னார்கள்:
சா, சா, தோ, தோ.
ஏப்ரல் வரைக்கும் இடம் இருக்கிறது.
வாடகை இன்னும் பேசவில்லை.